வந்த மாப்பிள்ளையும் செயின் சோவும்

எங்கள் ஊரில் ஆண்பிள்ளைக்கென்று நிலம் கிடைப்பது மையவாடியில் அடக்கும்போதுதான். அதற்கும் முதலில் மவுத்தாக வேண்டும்.

கல்முனைக்குடியில் வீடும் அதைச் சுற்றிய வளவும் பெண்பிள்ளைக்கு. உம்மாவிடமிருந்து மகளுக்கு, மகளிடமிருந்து அவளுடைய மகளுக்கு. மாப்பிள்ளை என்பவர் பக்கத்து ஊரிலிருந்து புதுச் சாறனோடும் அத்தர் வாசத்தோடும் வந்து இறங்குவார். அந்த வீட்டில் சாப்பிடுவார், பிள்ளை பெறுவார், கூரை ஒழுகினால் ஏறித் திருத்துவார், கடைசியில் நாலு பேர் தோளில் சந்தூக்கில் வெளியே போவார். இடையில் ஏதாவது தீர்மானித்தாரா என்று கேட்டால், தேத்தண்ணிக்கு எவ்வளவு சீனி என்பதைத் தீர்மானித்திருப்பார். சீனி வியாதி வந்த பிறகு அதுவும் இல்லை.

நான் பளீல், மருதமுனையிலிருந்து வந்து இறங்கியவன். என் மனைவி நஸ்லாவின் மூத்த ராத்தா கமீலா. அவருடைய கணவர் அப்துல் ஸமட் அட்டாளைச்சேனையிலிருந்து வந்து இறங்கியவர். ஒரே வளவை இரண்டு சகோதரிகளுக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். நடுவில் மதில் கட்டவில்லை. அதனால் சகலன்கள் நாங்கள் இருவரும் ஒருவர் நிலைமையை ஒருவர் தினமும் பார்த்து ஆறுதல் அடைந்து வந்தோம்.

என்னைவிட மூத்தவர், அதனால் எனக்கு அவர் ஸமட் காக்கா. நீர்ப்பாசன அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வாய்க்காலுக்கு எப்போது தண்ணீர் திறப்பது என்று ஆயிரக்கணக்கான ஏக்கருக்குக் கடிதம் அடித்த கை அவருடையது. பெரிய வயல்காரப் போடியார்மார் வந்து அவர் மேசைக்கு முன்னால் தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு நின்றதாக அவரே சொல்லியிருக்கிறார். வீட்டில் கிணற்றடி வாழைக்கு எந்தப் பக்கம் வாய்க்கால் வெட்டுவது என்பதைக் கமீலா ராத்தாதான் சொல்வார். காக்கா மண்வெட்டியோடு நின்று கேட்டுக்கொள்வார்.

ராத்தா பொல்லாத மனுசி இல்லை. ஆனால் காக்கா எதைச் சொன்னாலும் அதை அந்த இடத்திலேயே திருத்திவிடுகிற பழக்கம் அவருக்கு உண்டு. "நேற்று மழை பெய்தது" என்று காக்கா சொன்னால், "நேற்றில்ல, முந்தாநாள்" என்பார். "நம்மட கேற்" என்று சொன்னால், "உம்மா வெச்ச கேற்" என்பார். வாய் தவறி ஒரு நாள் "என்ட வீடு" என்று காக்கா யாருக்கோ ஃபோனில் சொன்னதைக் கேட்டு, ராத்தா ஒன்றுமே பேசாமல் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பிறகு காக்கா தபால்காரருக்குக்கூட "இந்த வீடு" என்றுதான் சொல்வார்.

பின்வளவில் ஒரு மாமரம் நின்றது. கறுத்தக் கொழும்பான் இனம். கமீலா ராத்தா பிறந்த வருசம் அவருடைய வாப்பா நட்டது. காய்க்கிற காலத்தில் தெரு முழுவதற்கும் பழம் போகும். "கமீலாட மரத்து மாங்கா" என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அந்த மரத்துக்குக் கீழே விழும் இலையை முப்பது வருசத்துக்கு மேலாகத் தினமும் விடிய ஸுப்ஹு தொழுதுவிட்டு வந்து கூட்டியவர் ஸமட் காக்கா. வௌவாலுக்கு வலை கட்டியவரும் அவர்தான், வேருக்குச் சாணம் சுமந்தவரும் அவர்தான். மரம் மட்டும் கமீலாவுடையது.

இந்த வருசம் அவர்களுடைய ஒரே மகள் ஸம்றாவுக்குக் கல்யாணம் முற்றாகியது. மாப்பிள்ளை நிந்தவூர்ப் பொடியன், பள்ளிக்கூட ஆசிரியர். முறைப்படி முன்வீடு இனி ஸம்றாவுக்கு. பெற்றவர்கள் இருவரும் பின்வளவில் இரண்டு அறை கட்டிக்கொண்டு ஒதுங்க வேண்டும். அதை எந்த இடத்தில் கட்டுவது என்பதில்தான் வில்லங்கம் தொடங்கியது.

"கிணத்தடியில கட்டுவம்," என்றார் ராத்தா.

"மாரியில கிணத்தடி முழுக்கத் தண்ணி நிக்கும் புள்ள. நான் நீர்ப்பாசனத்தில இருந்தவன், எனக்குத் தெரியும். மாமரம் நிக்கிற இடந்தான் மேடு," என்றார் காக்கா.

"மாமரத்தில கை வைக்கேலாது."

அத்தோடு பேச்சு முடிந்தது. காக்கா சொன்னது சரி என்பது எனக்குத் தெரியும், நஸ்லாவுக்குத் தெரியும், கிணற்றடியில் குந்தியிருந்த தவளைக்கும் தெரியும். சரியாகச் சொல்வதால் மட்டும் வந்த மாப்பிள்ளையின் சொல் எடுபட்டுவிடுமா?

காக்கா கோபித்துக்கொண்டு ஃபோனைப் பார்க்கத் தொடங்கினார். அதில் எங்கோ பனி கொட்டுகிற நாட்டில் ஒரு தாடிக்காரன், பள்ளிவாசல் மினாராவளவு மரத்தை ஒரு மெசினால் அறுத்துச் சாய்த்துவிட்டு, சாய்ந்த மரத்தின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான். அவனை யாரும் திருத்தவில்லை. காக்கா அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். அடுத்த கிழமை கல்முனை பஸாரில் ஒரு ஹாட்வெயார் கடைக்குப் போய், செம்மஞ்சள் நிறத்தில் அதே மாதிரி மரம் அறுக்கும் செயின் சோ ஒன்று வாங்கிக்கொண்டு வந்து இறங்கினார். அதை வைத்திருக்கப் பதிய வேண்டும் என்று யாரோ சொல்ல, அலைந்து திரிந்து பதிந்தும் விட்டார். கறன்ற் பில் ராத்தா பெயரில், தண்ணீர் பில் ராத்தா பெயரில், நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அதுகூட ராத்தாவைத்தான் திரும்பிப் பார்க்கும். அந்த வளவுக்குள் ஸமட் காக்காவின் பெயரில் பதிவான ஒரே சொத்து அந்த மெசின்தான்.

"இது என்னத்துக்கு?" என்று கேட்டார் ராத்தா.

"வளவு துப்பரவாக்க."

"அதுக்குத்தான் ஈர்க்குமாறு கிடக்கே."

காக்கா மெசினைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். மறுநாள் காலையில் மோட்டார் சைக்கிள் ஹெல்மட், கண் ஓப்பரேசனுக்குப் போட்ட கறுப்புக் கண்ணாடி, மழைக்கோட்டு, முழங்கால் வரை சப்பாத்து என்று வெளியே வந்தார். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மெசினை நிலத்தில் வைத்து, காலால் மிதித்து, "பிஸ்மில்லாஹ்" சொல்லிக் கயிற்றை இழுத்தார். அது இருமியது. பிறகும் பிஸ்மில்லாஹ், பிறகும் இருமல். தெருவில் போன ஆள்கள் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். கடைசியில் ஸம்றா வந்து, "வாப்பா, சுவிச்சப் போடல்லயே," என்றாள்.

முதல் பலி முருங்கை. முருங்கைக்குச் செயின் சோ பிடிப்பது கடிக்கிற நுளம்பைத் துவக்கால் சுடுவது மாதிரி. மெசின் சத்தத்துக்கே அது பாதி விழுந்துவிட்டது. காக்கா அதன் மேல் காலைத் தூக்கி வைத்தார். அது பொசுக்கென்று நசிந்து போனது. அன்று எல்லார் வீட்டிலும் முருங்கையிலைச் சுண்டல்.

அடுத்தது தெரு மதிலோரப் பூவரசு. அது எங்கள் பக்கம் சாய்ந்து, கொடியில் காய்ந்த நஸ்லாவின் உடுப்பையெல்லாம் இழுத்துக்கொண்டு போய்க் கோழிக்கூட்டின் மேல் படுத்தது. பிறகு வேம்பு. வேம்பு போனதும் பின்வளவில் அடுப்பு மாதிரி வெக்கை ஏறியது. ராத்தா இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். முருங்கைக்கும் பூவரசுக்கும் வாயைத் திறக்கவில்லை. மாமரத்துக்குக் கீழே மட்டும் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு, அதில் இருந்து மீன் ஆய்ந்தார், அரிசி புடைத்தார், ஃபோன் கதைத்தார். தேர்தல் பெட்டிக்குக் கூட அப்படிக் காவல் இருந்ததை நான் காணவில்லை.

வெட்ட மரம் இல்லாமல் போனதும் காக்கா எங்கள் பக்கம் வந்தார்.

"பளீல், ஒங்கட வளவில ஏதும் தறிக்கக் கிடக்கா?"

நான் பதறிப்போய், "நஸ்லாட்டக் கேக்கணும் காக்கா," என்றேன்.

நஸ்லா குசினிக்குள்ளிருந்தே குரல் கொடுத்தாள்: "எங்கட வளவுல தறிக்கிறெண்டா முதல்ல இந்தாளத்தான் தறிக்கணும், மச்சான். ஒண்டுக்கும் ஒதவாம நிக்கிது."

நான் சிரித்தேன். காக்கா சிரிக்கவில்லை. விழுந்த வேம்பின் மேல் போய்க் குந்தினார். நானும் பக்கத்தில் போய்க் குந்தினேன். ஹெல்மட்டைக் கழற்றினார், தலை முழுக்க வேர்வை.

"பளீல், கலியாணம் முடிஞ்சா இந்த வளவு மகள்ட. மாப்புள வந்திருவாரு. அதுக்குப் பொறகு ஒரு கொப்பு முறிக்கிறெண்டாலும் நான் புள்ளையிட்டக் கேக்கணும். இவ்வளவு காலமும் கமீலாட்டக் கேட்டன், அதுக்கு மேல ஸம்றாட்டக் கேக்கணும். இடையில இருக்கிறது இந்த ரெண்டு மாசந்தான். இந்த வளவில நான் சொல்லி ஒண்டு நடந்திச்சி எண்டு இருக்கட்டுமே. ஒண்டே ஒண்டு."

எனக்கு ஆறுதலாக ஒன்று சொல்லத் தோன்றியது. பொய் சொல்வானேன், அவருக்காக மட்டும் இல்லை, எனக்காகவும்தான். ஆனால் வாயில் வந்தது வேறு. "காக்கா, நீங்க சொல்லித்தானே எங்கட கோழிக்கூடு ஒடஞ்சது," என்றேன். மனுசன் எழுந்து போய்விட்டார். நல்ல நேரத்தில் நல்ல வார்த்தை பேச எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சாப்பிட்ட கையோடு, கமீலா ராத்தா, ஸம்றா, நஸ்லா மூவரும் கல்யாண உடுப்பு எடுக்க ஓட்டோவில் அக்கரைப்பற்றுக்குப் போனார்கள். மாமரத்தின் கீழ்க் கதிரை காலி. ஓட்டோ தெரு முனையைத் தாண்டியதும் மெசின் சத்தம் கேட்டது.

நான் ஓடிப் போனேன். "காக்கா, ராத்தா வரட்டும்!"

"வந்தா விடமாட்டாவே!" என்று கத்திக்கொண்டு அறுத்தார்.

அந்தப் பனிநாட்டுத் தாடிக்காரன் மரத்தைச் சுற்றி வந்து, அது எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்று பார்த்து, முதலில் விழுகிற பக்கம் வாய் மாதிரி வெட்டி, பிறகு பின்னால் அறுத்திருப்பான். காக்கா அந்த இடம் வரும்போதெல்லாம் வீடியோவைத் தள்ளிவிட்டு, மரம் விழுகிற இடத்தைத்தான் பார்த்திருக்கிறார். ஒரு பக்கம் அறுத்தார். மனம் கேளாமல் மறுபக்கம் போய் அறுத்தார். பிறகு திரும்பவும் முதல் பக்கம் வந்தார். நடுவில் கொஞ்சம் மரம் மிச்சம் இருக்கும்போது, மேலே இருந்த பாரமெல்லாம் இறங்கி வெட்டின வாயை மூடிக்கொண்டது. மெசின் ஒரு தரம் கீச்சிட்டு நின்றது. காக்கா இழுத்தார், வரவில்லை. நானும் சேர்ந்து இழுத்தேன், வரவில்லை. மாமரம் அந்தச் செம்மஞ்சள் மெசினைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றது. கடற்காற்று அடித்தது, உள்ளே எங்கோ முறிகிற சத்தம் கேட்டது. நாங்கள் இருவரும் கையை விட்டுவிட்டு ஓடினோம்.

கொஞ்ச நேரத்தில் தெருவே பின்வளவில் கூடியது. வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்த மாதிரி, ஆளுக்கொரு ஆலோசனை. கயிறு போடச் சொன்னார்கள், ஆப்பு அடிக்கச் சொன்னார்கள், ஒருவர் சாகக்கிடக்கிறவருக்கு ஓதுகிற யாசீனை ஓதச் சொன்னார். ஆலோசனை சொன்ன எல்லாரும் என்னைப் போல, காக்காவைப் போல, எங்கிருந்தோ வந்து இறங்கிய மாப்பிள்ளைமார்தான். சொந்த வீட்டில் ஒரு ஆணி அடிக்க வாய் இல்லாதவர்களுக்கு அடுத்தவன் வளவில் என்ன தாராளம்!

யாரோ மோட்டார் சைக்கிளில் போய்ப் பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பிலிருந்து செல்லத்தம்பியைக் கூட்டி வந்தார்கள். இந்தப் பக்கம் மரம் தறிப்பது அவர்தான். கயிறும் கோடரியுமாக வந்து, மரத்தைத் தள்ளி நின்று பார்த்தார்.

"இது நிக்காது காக்கா. காத்துக்கு எந்தப் பக்கம் விழும் எண்டு சொல்லேலாது. இண்டைக்கே கயிறு போட்டு இறக்கோணும். ராத்தா எங்க?"

"அவ கடைக்குப் போயிட்டா. நான் சொல்றன், நீ தறி."

செல்லத்தம்பி கயிற்றைக் கீழே வைத்துவிட்டார். "கோவிக்கப்படா காக்கா. வளவுக்காரிட வாய்ச்சொல் இல்லாம நான் எங்கயும் ஒரு கொப்புக் கூட வெட்டினதில்ல. நாளைக்கு ஒரு பேச்சு வந்திச்செண்டா நான் என்ன செய்யிற? எங்கட பக்கமும் இந்தக் கததானே. நானும் பொஞ்சாதிட வளவிலதான் குடியிருக்கன்."

கூட்டத்தில் சிலர் "அதுவும் சரிதான்" என்றார்கள். முறிந்து விழப்போகிற மரத்துக்குப் பக்கத்தில், அனுமதிக்காக, ஊர் ஆண்களெல்லாம் ஒரு பெண்ணுக்குக் காத்துக்கொண்டிருந்தோம். ஸமட் காக்கா ஹெல்மட்டோடு கிணற்றுக்கட்டில் இருந்தார். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கண் எங்கே பார்க்கிறது என்று தெரியவில்லை.

அஸர் தொழுகையும் முடிந்து வெயில் தாழ ஓட்டோ வந்து நின்றது. ராத்தா இரண்டு கையிலும் சொப்பின் பேக்கோடு இறங்கினார். கூட்டத்தைக் கண்டதும், "யாருக்கு என்ன?" என்று கேட்டுக்கொண்டே ஓடி வந்தவர், மரத்தைக் கண்டதும் நின்றார். நஸ்லா, "அல்லாவே, மச்சான் செய்திருக்கிற வேலயப் பாருங்களன்!" என்று தொடங்கினாள். ராத்தா திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தார். நஸ்லா வாயை மூடியதை நான் என் வாழ்க்கையில் முதல் தரமாகக் கண்டேன்.

ராத்தா மரத்தைப் பார்த்தார். அதில் கடிபட்டுக் கிடக்கும் மெசினைப் பார்த்தார். பிறகு கிணற்றுக்கட்டில் மழைக்கோட்டோடு இருந்த மனுசனைப் பார்த்தார். ராத்தாவின் முகத்தில் கோபம் ஏறியதையும் நான் கண்டேன், கண் கலங்கியதையும் கண்டேன். இனி நடக்கப்போவதைக் கேட்கக் கூடாது என்று நினைத்தேன். ஆனால் அந்த இடத்தை விட்டுப் போகவும் இல்லை. யாரும் போகவில்லை. நாளைக்குத் தேத்தண்ணிக் கடையில் சொல்ல வேண்டாமா?

செல்லத்தம்பி மெதுவாகக் கேட்டார். "ராத்தா, மரம் இனி நிக்காது. தறிக்கட்டா? நீங்க ஒரு சொல்லுச் சொன்னாத்தான்."

ராத்தா பைகளை ஸம்றாவின் கையில் கொடுத்தார். முந்தானையைத் தலைக்கு இழுத்துப் போட்டார்.

"என்னட்ட ஏன் கேக்கிறீங்க? அது அவர்ட மரம். அவர்ட்டக் கேளுங்க."

தெரு முழுக்கக் கேட்கச் சொன்னார். சொல்லிவிட்டு அங்கேயே நின்றார்.

ஸமட் காக்கா எழும்பினார். ஹெல்மட்டைக் கழற்றினார், கண்ணாடியைக் கழற்றினார். செல்லத்தம்பி அவர் பக்கம் திரும்பி, போடியாரிடம் கேட்பது போல, "காக்கா, தறிக்கட்டா?" என்று கேட்டார்.

எத்தனை வருசமாக அந்த மனுசன் காத்திருந்த கேள்வி. அவர் மேலே பார்த்தார். குலை குலையாகக் காய், இன்னும் ஒரு மாசத்தில் பழுக்கும். "செல்லத்தம்பி, வேற வழி இல்லயா? கம்பி போட்டுக் கட்டி, முட்டுக் குடுத்து... ஒட்டாதா?" என்று கேட்டார்.

"ஒட்டாது காக்கா."

யாரும் சிரிக்கவில்லை. நான்கூட.

"அப்ப... தறி," என்றார். செல்லத்தம்பிக்குக் கேட்கவில்லை. "என்ன காக்கா?" என்று திரும்பக் கேட்டார். அதை அவர் இரண்டாம் தரமும் சொல்ல வேண்டியிருந்தது.

மரம் கயிறு இழுத்த பக்கம் ஒழுங்காக விழுந்தது. மெசின் அதன் கீழே அகப்பட்டுச் சப்பையாகிப் போனது. ஸமட் காக்காவின் பெயரில் இருந்த சொத்து அத்தோடு முடிந்தது. விழுந்த மரத்தின் மேல் அவர் காலைத் தூக்கி வைக்கவில்லை. பக்கத்தில் குந்தி இருந்து, உடையாத காயை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாளிக்குள் போட்டார். ராத்தாவும் வந்து எதிரே குந்தினார். அவரும் பொறுக்கத் தொடங்கினார்.

மறுநாள் காய் தெருவெல்லாம் போனது. ராத்தாவே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். எங்கள் வீட்டுக்கு வந்தபோது நஸ்லாவிடம், "இந்தா புள்ள, ஒண்ட மச்சான்ட மரத்துக் காய். அச்சாறு போடு," என்றார். எல்லா வீட்டிலும் அப்படித்தான் சொன்னாராம். நின்ற காலமெல்லாம் கமீலாவுடையதாக இருந்த மரம், விழுந்த பிறகு ஒரே நாளில் ஊருக்கு ஸமட் காக்காவுடையதாகிவிட்டது. கொடுக்கல் வாங்கலில் எங்கள் ஊர்ப் பெண்களை யாரும் மிஞ்ச முடியாது.

பின்வீடு மேட்டில்தான் எழும்பியிருக்கும் என்று நினைக்கிறீர்களா? ராத்தா கிணற்றடியில்தான் கட்டினார். மாரியில் தண்ணீர் வரும்; காக்கா மண்வெட்டியோடு நின்று வாய்க்கால் வெட்டுவார்; எந்தப் பக்கம் என்று ராத்தா சொல்வார். உலகம் அதன் பாட்டில் சுற்றுகிறது.

கல்யாணம் முடிந்த கிழமை நான் அங்கே இருந்தேன். புது மாப்பிள்ளை, அத்தர் வாசம் இன்னும் போகாதவர், பின்வளவுக்கு வந்து வெறுமையாகக் கிடந்த மேட்டைப் பார்த்தார். அந்த இடத்தைக் காக்கா அன்று காலையிலும் கூட்டியிருந்தார், கூட்ட அங்கே ஓர் இலையும் இல்லாவிட்டாலும்.

"இதில என்ன மாமா நிண்ட?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

காக்கா மேட்டின் நடுவில் போய் நின்றார்.

"என்ட மாமரம் ஒண்டு நிண்ட மகன்," என்றார்.

பக்கத்தில் கமீலா ராத்தா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். நான் அவர் வாயையே பார்த்தேன். அவர் திருத்தவில்லை.